பிக்கப்பின் பின்பட்டையை பலப்படுத்துவது எப்படி: நெல் ஏற்றுகிறவர்களுக்கும் டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கும்

குறுவை அறுப்பு தொடங்கிவிட்டால் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் கொள்முதல் நிலையத்துக்குப் போகிற பிக்கப்புகளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், பாதி வண்டிகளுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். உடனே பட்டறைக்குப் போய் "ரெண்டு பட்டை சேத்துப் போடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். பட்டை என்றால் பின் ஆக்சிலோடு அடுக்காகக் கட்டியிருக்கும் வளைந்த எஃகுத் தகடு, லீஃப் ஸ்பிரிங். நானும் அப்படித்தான் சொன்னேன். பட்டறையில் கிடந்த தடிமனான பட்டைகளை இரண்டு பக்கமும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். லோடு ஏற்றினால் வண்டி நேராக நின்றது, சந்தோஷம்தான். ஆனால் ஒரு மழை நாளில் காலி வண்டியோடு திரும்பும்போது வடுவூர் ஏரியைத் தாண்டி ஒரு குழியில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் துள்ளி, ஒரு பக்கமாக விலகிப் போய், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒரு முழம் இடைவெளியில் நின்றது. அதற்குப் பிறகுதான் இந்த வேலையை உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒன்று. பட்டை சேர்த்தால் வண்டியின் தாங்குதிறன் கூடாது. ஆக்சில், பேரிங், பிரேக், டயர், சேசிஸ் எல்லாம் பழையதுதானே. ஆர்சியில் மொத்த எடை எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ அதுதான் எல்லை. 1.7 டன் பாரம் ஏற்றுகிற பிக்கப் என்றால் 40 கிலோ சிப்பம் 42 ஏற்றலாம், 1,680 கிலோ. 60 சிப்பம் ஏற்றினால் 2,400 கிலோ. அதை எந்தப் பட்டையும் நியாயமாக்காது. ஓவர்லோடில் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஆவது பிரிவின்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஆக, சட்டப்படியான லோடிலேயே வண்டி தொங்குகிறதா, அதைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

அதற்கு அளந்து பார்க்க வேண்டும். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுமையத்திலிருந்து தொட்டியின் அடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் எடைமேடையில் சரியான எடைக்கு ஏற்றி அதே அளவை எடுங்கள். ஆக்சிலுக்கு மேலே சேசிஸில் இருக்கிற ரப்பர் முட்டுக்கட்டையைக் குனிந்து பாருங்கள்; சரியான லோடில் அது ஆக்சிலைத் தொடவே கூடாது. தொட்டால், அல்லது ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால், பெரும்பாலும் பட்டை களைத்துப்போயிருக்கும், அல்லது உள்ளே ஒன்று உடைந்திருக்கும். அப்போது புதுப் பட்டை சேர்க்காதீர்கள், கம்பெனி செட்டையே புதிதாக மாற்றுங்கள். பாதிப் பேருக்கு அதோடு பிரச்சினை முடிந்துவிடும். பழைய பட்டையை உலையில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள், செலவு குறைவுதான். ஆனால் சூடு ஏற்றிய எஃகை முறையாக எண்ணெயில் குளிரவைத்துத் திரும்பப் பதப்படுத்தாவிட்டால் அதன் பதம் போய்விடும், அடுத்த அறுப்புக்குள் மறுபடி தட்டையாகிவிடும். பட்டையில் வெல்டிங் வைக்கவே கூடாது, அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.

புது செட்டிலும் தொங்கினால் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை சேர்க்கலாம். தடிமனை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஒரு பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். 8 மில்லி பட்டைக்குப் பதில் 10 மில்லி போட்டால் அந்தப் பட்டை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்பாகிவிடும். எனக்கு வடுவூரில் நடந்தது இதனால்தான். இருக்கிற பட்டைகளின் அதே அகலம், அதே தடிமனில் வாங்குங்கள். அதைவிட நல்லது ஹெல்பர் பட்டை. காலியாக ஓடும்போது அது சும்மா இருக்கும், பாரம் ஏறி வண்டி இறங்கிய பிறகுதான் வேலைக்கு வரும், அதனால் காலி வண்டி துள்ளாது. ஷாக் அப்சார்பரைப் பெரிதாக மாற்றினால் போதும் என்பார்கள். அது பாரம் தாங்காது, ஆட்டத்தைத்தான் அடக்கும். எண்ணெய் கசிந்தால் மாற்றுங்கள், அவ்வளவே.

டிரெய்லர் இழுக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஜெனரேட்டர் வண்டியோ படகு டிரெய்லரோ, அதன் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அமர வேண்டும், இல்லாவிட்டால் டிரெய்லர் வாலாட்டும். ஆனால் கொக்கி பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. சக்கர இடைவெளி 3 மீட்டர், கொக்கி ஆக்சிலிலிருந்து 1.2 மீட்டர் பின்னால், அதில் 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் ஆக்சிலில் ஏறுவது 150 அல்ல, 210 கிலோ. அந்த 60 கிலோ முன்சக்கரத்திலிருந்து தூக்கப்பட்டது, ஸ்டியரிங் லேசாவது அதனால்தான். தினமும் போகும்போது பாரம், வரும்போது காலி என்றால் சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கிற காற்றுப்பை வகை உதவும், தேவைக்குக் காற்றை ஏற்றி இறக்கலாம். சேசிஸில் துளை போட்டு, வெல்டிங் வைத்து மாட்டுகிற ரகத்தைத் தவிர்த்துவிட்டு கிளாம்பில் இறுகுகிற ரகமாகப் பாருங்கள்.

இனி வேலை. முதல் நாள் இரவே யூ போல்ட் (பட்டை அடுக்கை ஆக்சிலோடு இறுக்கும் U வடிவ போல்ட்) நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேசிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள். ஆக்சிலுக்குத் தனி ஜாக்கி. யூ போல்ட்டைக் கழற்றி, பட்டை அடுக்கை இறக்கியதும், சென்டர் போல்ட்டை (பட்டைகளை நடுவில் கோக்கும் போல்ட்) தொடுவதற்கு முன் இரண்டு பெரிய சி கிளாம்பால் அடுக்கை அழுத்திப் பிடியுங்கள், உள்ளே இழுவிசை இருக்கும், திடீரென்று விரிந்தால் விரல் போய்விடும். கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, நீள வரிசைப்படி புதுப் பட்டையைச் செருகி, பட்டைகளுக்கு இடையில் கிராஃபைட் கிரீஸ் தடவுங்கள். அடுக்கு தடித்துவிட்டதால் சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் நீளமாக, புதிதாகத்தான் வேண்டும். ஒருமுறை இழுத்து முறுக்கிய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையில் உள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும், உட்காராவிட்டால் ஆக்சில் நகர்ந்து டயரைத் தின்றுவிடும். யூ போல்ட் நான்கு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி, கம்பெனி கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். பட்டை முனையில் ரப்பர் புஷ் உள்ள கண், அந்த முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள், இவற்றின் போல்ட்டுகளை வண்டியைச் சக்கரத்தில் இறக்கிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும், தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

முடிந்ததும் பலர் மறப்பது பிரேக் வால்வு. பல பிக்கப்புகளில் சேசிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கம்பி இணைப்பு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப பின்பிரேக்குக்கு அழுத்தம் அனுப்பும். நீங்கள் பட்டையை விறைப்பாக்கினால் முழு லோடிலும் வண்டி இறங்காது, வால்வோ காலி வண்டி என்று நினைத்துப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். முழுப் பாரத்தோடு பிரேக் அடிக்கும்போது வண்டி நிற்காமல் போவதைவிட பயங்கரம் வேறில்லை. கம்பெனி சர்வீஸில் பட்டை சேர்த்ததைச் சொல்லி அந்தக் கம்பியை மறுபடி சரிசெய்து வாங்குங்கள். ஹெட்லைட் உயரத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

வேதாரண்யம் உப்பு, மல்லிப்பட்டினம் மீன் ஏற்றுகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது பட்டையை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். துரு அரித்த குழியிலிருந்துதான் பட்டை உடையத் தொடங்கும்.

முதல் 100 கிலோமீட்டர் லோடோடு ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்குங்கள், 500இல் இன்னொரு முறை. முறுக்கிய பிறகு நட்டிலிருந்து போல்ட் வரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். காலையில் வண்டி எடுக்கும்போது குனிந்து ஒரு பார்வை, கோடு உடைந்திருந்தால் நட்டு இளகிவிட்டது.