லோ சுகரால் மூளை பாதித்தவர் மீள்வாரா? கணிக்கும் முறை

குளுக்கோஸ் ஏற்றிய கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலானோர் கண் திறந்து பேசிவிடுவார்கள். பேசாதவர்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்குக் கீழே போயிருந்து, அதைச் சரிசெய்து 24 மணி நேரம் கடந்தும் நினைவு திரும்பவில்லை, வேறு காரணமும் தென்படவில்லை என்றால் தாழ் சர்க்கரை மூளைப் பாதிப்பு என்று வைத்துக்கொள்கிறோம். "வேறு காரணமும் தென்படவில்லை" என்ற நிபந்தனைதான் பலமுறை சரியாகப் பார்க்கப்படாமல் போகிறது.

முதலில் விலக்க வேண்டியவை

சர்க்கரை மறுபடி இறங்குகிறதா என்று பாருங்கள். சிறுநீரகம் பழுதானவர் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை (இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சர்க்கரை மாத்திரை) சாப்பிட்டிருந்தால் ஒரு நாளுக்கு மேலும் இறங்கிக்கொண்டே இருக்கும். 50% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) 50 மி.லி. கொடுத்ததும் எண் ஏறும். இரண்டு மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். நிலைப்படும்வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை பாருங்கள். மாத்திரைதான் காரணம் என்றால், இன்சுலின் சுரப்பைத் தடுக்கும் ஆக்ட்ரியோடைட் 50 மைக்ரோகிராம் தோலடியில், 6 மணிக்கு ஒருமுறை கொடுக்கலாம். ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு விரல்நுனி குளுக்கோமீட்டரை நம்பக் கூடாது. சிரை ரத்தத்தை லேபுக்கு அனுப்ப வேண்டும்.

சோடியம், அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு, கார்டிசால் எல்லாம் பார்த்தாக வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவருக்கும் மெலிந்து போனவருக்கும் தயாமின் (வைட்டமின் பி1) கொடுக்காமல் கணிப்பில் இறங்கக் கூடாது. வலிப்புக்குக் கொடுத்த மிடசோலம் சிறுநீரகம் கெட்டவர் உடலில் நாள்கணக்கில் தங்கும்; அந்த மயக்கத்தை மூளைச் சேதம் என்று எழுதிவிடுவது எளிது. கை கால் ஆடாமலே உள்ளே வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். அதை இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுத்தால்தான் தெரியும்.

எவ்வளவு நேரம் நீடித்தது?

கணிப்புக்கு மிகவும் உதவும் விவரம் இது. வந்தபோது மீட்டர் காட்டிய 22 அல்லது 31 அவ்வளவு உதவாது. அது ஒரு கணத்தின் அளவு, அவ்வளவுதான். அதற்கு முன் எவ்வளவு ஆழம் போனது என்று தெரியாது. 18 மி.கி.க்கு அருகில் மூளையின் மின்னோட்டம் தட்டையாகிறது. அதற்குப் பிறகு கழியும் நிமிடங்களில்தான் நரம்பணுக்கள் பெருமளவு சாகின்றன என்று விலங்குச் சோதனைகள் காட்டின.

நேரத்தை ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள், வரம்பாக எழுதுங்கள். இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசினார், காலை 6 மணிக்கு எழுப்பியபோது எழவில்லை, 6.40க்குச் சர்க்கரை சரியானது என்றால் "குறைந்தது 40 நிமிடம், அதிகபட்சம் 8 மணி 40 நிமிடம்". வீட்டு மீட்டரின் நினைவகம், ஆம்புலன்ஸ் தாள், தொடர் சர்க்கரைக் கருவி இருந்தால் அதன் பதிவு, கடைசி ஊசி போட்ட நேரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கினால் வரம்பு சுருங்கும். உண்மையாகவே 8 மணி நேரம் தாண்டியிருந்தால் நல்ல மீட்சிக்கான வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

வந்தபோதைய உடல் வெப்பமும் ரத்த லாக்டேட்டும் (சர்க்கரை உடையும்போது உண்டாகும் பொருள்) துணைக் குறிகள். இந்த நிலையில் உடல் சற்றுக் குளிர்வது வழக்கம். வெப்பம் இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்து, லாக்டேட் தாழ்ந்திருந்தால் விளைவு மோசமாகவே இருந்திருக்கிறது. லாக்டேட்டை மூளை மாற்று எரிபொருளாகப் பயன்படுத்தும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். வலிப்பு வந்திருந்தால் லாக்டேட் தானே ஏறும், அப்போது இந்தக் குறியை விட்டுவிடுங்கள்.

பரிசோதனையில் ஒரு பொறி

இதயம் நின்று மீண்டவருக்கான விதிகளை இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது. சர்க்கரைக் குறைவு பெருமூளைப் புறணி (மூளையின் வெளிப்பரப்பு), ஹிப்போகேம்பஸ் (நினைவுக்கான பகுதி), பேசல் கேங்லியா (அசைவை ஒழுங்குபடுத்தும் உட்பகுதி) ஆகியவற்றைத் தாக்கும். மூளைத்தண்டு, சிறுமூளை, தலாமஸ் (மூளையின் நடுவில் உள்ள பகுதி) பெரும்பாலும் தப்பிக்கும். எனவே கண்பாவை சுருங்குகிறது, தானாக மூச்சு விடுகிறார் என்பதைப் பார்த்து நம்பிக்கை கொடுத்துவிட முடியாது. புறணி முழுதும் போனவரிடமும் அவை இருக்கும். என்.எஸ்.இ. (நரம்பணு சிதையும்போது ரத்தத்தில் கூடும் நொதி) ரத்த அளவின் எல்லைகளும் இதயம் நின்றவர்களிடமிருந்து வந்தவை. இங்கே அவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ.யைப் படிப்பது

சி.டி. பெரும்பாலும் சுத்தமாகவே வரும். கேட்க வேண்டியது டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. (திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் படம்), கூடவே அந்த நகர்வை அளந்து காட்டும் ஏ.டி.சி. படம். கார்பஸ் கலோசத்தின் (இரு பக்க மூளையை இணைக்கும் நரம்பிழைப் பாலம்) பின்முனை, இன்டர்னல் கேப்சூல் போன்ற வெண்பொருள் (நரம்பிழைகள் ஓடும்) இடங்களில் மட்டும் பாதிப்பைக் காட்டும் வெளிச்சம் இருந்தால் அது பலருக்கு முற்றிலும் மறைந்துவிடும். அவர்கள் எழுவதும் அதிகம். இரு பக்கப் புறணியும் பேசல் கேங்லியாவும் பரவலாக ஒளிர்ந்தால் நிலைமை கடினம். தலாமஸும் சேர்ந்து ஒளிர்ந்தால் இடையில் மூச்சோ இதயமோ நின்றதா என்று கேளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் ஒளிர்ந்து, அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கை கால் விழுந்து, பக்கவாதம் போலவே தோன்றுவதும் உண்டு. வந்த சில மணி நேரத்தில் எடுத்த படம் சுத்தமாக இருப்பதால் தைரியம் சொல்லக் கூடாது. ஒரு வாரம் கழிந்தபின் எடுத்தால் டிஃப்யூஷன் வெளிச்சம் மங்கி, சேதம் இல்லாதது போலக் காட்டும். முதல் படம் எடுத்த நாளை அறிக்கையிலேயே எழுதிவையுங்கள்.

இ.இ.ஜி.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கைதட்டி, நகத்தை அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் அலை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் நல்லது. மயக்கமருந்து எதுவும் இல்லாமலே அலை தொடர்ந்து அமுங்கியிருந்தால் கெட்டது.

எப்போது, எப்படிச் சொல்வது

முதல் மூன்று நாளில் இறுதிக் கருத்து வேண்டாம். "தேற மாட்டார்" என்று சொல்லி சிகிச்சையை நிறுத்தினால் அந்தக் கணிப்பு தானே பலித்துவிடும், தப்பா சரியா என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. நீண்ட நேரம், பரவலான எம்.ஆர்.ஐ., அசையாத இ.இ.ஜி. மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் கடினமான பேச்சைத் தொடங்கலாம். ஒன்று முரண்பட்டாலும் காத்திருங்கள். 7, 14ஆம் நாள்களில் திரும்பப் பாருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் முன்னேறியவர்கள் உண்டு என்பதால் 3, 6, 12 மாதங்களில் ஒரே அளவுகோலால் மதிப்பிட வேண்டும்.

எழுந்து நடந்தவரையும் நலம் என்று விட்டுவிடாதீர்கள். மூன்று சொற்கள் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேளுங்கள். ஹிப்போகேம்பஸ் அடிபட்டவர் சிரித்துப் பேசுவார், சொற்களில் ஒன்றுகூட வராது. காலையில் இன்சுலின் போட்டதை மறந்து மறுபடி போட்டுக்கொள்ளக்கூடியவர் அவர்; வீட்டுக்கு அனுப்பும்போது ஊசியை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைத்து, சர்க்கரை இலக்கையும் சற்று உயர்த்தி எழுதிக் கொடுங்கள்.