மூலிகைத் தேநீரைக் கொதிக்க விடாதீர்கள், மூடி வையுங்கள்

சோம்புத் தேநீர் போடும்போது சோம்பைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க விட வேண்டாம். 1 டீஸ்பூன் சோம்பை அப்போதே லேசாகத் தட்டி, கோப்பையில் போட்டு, கொதித்த தண்ணீர் 1 கப் ஊற்றி, உடனே தட்டு போட்டு மூடுங்கள். 10 நிமிடம் கழித்துத் திறக்கும்போது தட்டின் அடியில் முத்து முத்தாக நீர் நிற்கும். அதைக் கொட்டிவிடாமல் கோப்பைக்குள்ளேயே வழித்து விடுங்கள், அப்புறம் வடிகட்டலாம்.

வயிற்று உப்புசத்துக்கு இதமாக இருப்பது சோம்பில் உள்ள வாசனை எண்ணெய்தான். விதையைத் தட்டினால் அது எளிதில் வெளியே வரும். ஆனால் ஆவியோடு பறந்தும் போய்விடும். அடுப்படி முழுக்க மணக்கிறது என்றால் கோப்பையில் அவ்வளவு குறைந்துவிட்டது என்று அர்த்தம். கொதிக்க விடாததால் எரிவாயுவும் மிச்சம். புதினா இலைக்கும் இதே முறைதான், 5 நிமிடம் போதும்.

சுக்கு, பட்டை போன்ற கெட்டியான பொருட்களுக்கு இது சரிப்படாது. அவற்றை 10 நிமிடமாவது சிறுதீயில் கொதிக்க வைத்தால்தான் சாறு இறங்கும்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் புதினாவைத் தவிர்ப்பது நல்லது. குடல் தசையைத் தளர்த்துவது போலவே இரைப்பையின் மேல்வாயையும் அது தளர்த்துவதால் அமிலம் மேலே ஏறும். கைக்குழந்தைகளுக்குச் சோம்புத் தேநீர் கொடுக்க வேண்டாம்; கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள். வலி நாள்கணக்கில் நீடித்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ தேநீரை நம்பி உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.