கல்குவாரி தூசுக் கணக்கு: காற்றுத் தர அறிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்குவாரிக்கோ கிரஷருக்கோ சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் அறிக்கையில், பி.எம்.10 துகள் (10 மைக்ரானோ அதற்கும் சிறியதோ ஆன தூசு) 24 மணி நேரச் சராசரியில் வரம்பைத் தாண்டாது என்ற வரி தவறாமல் இருக்கும். வரம்பு என்பது 2009-ல் அறிவிக்கப்பட்ட தேசியத் தரநிலை: ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம். தூசு காற்றில் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் ஏர்மாட் மென்பொருள் கணித்தது என்று கீழே குறிப்பும் இருக்கும். மென்பொருளைச் சந்தேகிப்பது வீண்வேலை. அதற்குள் போட்ட எண்களைப் பார்க்க வேண்டும்.

பாதைத் தூசு

துளையிடுதல், வெடி, ஜல்லி உடைத்தல் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, டிப்பர் ஓடும் மண்பாதையை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலான குவாரிகளில் அதிகத் தூசு கிளம்புவது அங்கேதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஏ.பி.-42 தொகுப்பில் மண்பாதைக்கான சூத்திரம் இருக்கிறது. அதற்கு வேண்டியவை இரண்டு: பாதையின் மேல்மண்ணில் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்மண்ணின் சதவீதம், வண்டியின் சராசரி எடை. காலியாக 12 டன், சுமையோடு 28 டன் என்றால் சராசரி 20. நுண்மண் 8 சதவீதம் என்று வையுங்கள். ஒரு டிப்பர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 700 கிராம் பி.எம்.10 கிளம்பும். ஒரு கிலோமீட்டர் பாதையில் நாளுக்கு 50 லோடு என்றால், போக வர 100 கிலோமீட்டர், 70 கிலோ. சுமையோடு போகும் நடையை மட்டும் எண்ணி, காலியாகத் திரும்புவதை விட்டுவிட்டால் தூரமே பாதியாகிவிடும்.

நுண்மண்ணை அந்தப் பாதையிலேயே கூட்டி எடுத்துச் சலித்துப் பார்க்க வேண்டும். வேறு அறிக்கையிலிருந்து எடுத்துப் போட்ட எண் எதற்கும் உதவாது.

அடுத்தது தண்ணீர் தெளிப்பு. தூசு 90 சதவீதம் குறையும் என்று எழுதுவார்கள். அதே தொகுப்பின்படி, மேல்மண்ணின் ஈரப்பதம் இரு மடங்கானால்தான் ஏறத்தாழ 75 சதவீதம் குறையும். அதற்கு மேல் போக ஈரத்தைப் பல மடங்கு கூட்ட வேண்டும். 7 மீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் 10,000 லிட்டர் லாரி ஒருமுறை தெளித்தால் சதுர மீட்டருக்கு ஒன்றரை லிட்டர்கூட வராது. சித்திரை வெயிலில் அது எவ்வளவு நேரம் நிற்கும்? எத்தனை நடை, எந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் என்பது அறிக்கையில் இல்லையென்றால் அந்தக் குறைப்பை ஏற்கக் கூடாது.

வேலை நேரம்

மேலே சொன்ன 70 கிலோவை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் நொடிக்கு 0.8 கிராம். குவாரி ஓடுவது 10 மணி நேரம்தான் என்றால் 1.9 கிராம். பரப்பிப் போட்டால் பகல் அளவு குறைந்து காட்டும், இரவில் இல்லாத தூசு இருப்பதாகக் காட்டும். விடியற்காலையில் லோடு ஏற்றும் வழக்கம் உண்டென்றால் அதைத் தனியாகப் போட வேண்டும். அப்போது காற்று அசையாது, தூசும் மேலே எழும்பாது. மணிவாரியாகக் கொடுக்க ஏர்மாட்டில் வசதி இருக்கிறது.

பருவம்

குவாரி தொடங்கும் முன் ஊரின் காற்றில் இருக்கும் தூசை அளக்கும் அடிப்படைக் காற்று அளவீட்டை மழை இல்லாத ஒரு பருவத்தில், வாரம் இரண்டு நாள் வீதம் 12 வாரம் எடுப்பது வழக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘மழைக்காலத்துக்குப் பின்’ என்று டெல்லிக் கணக்கில் எழுதிவிடலாம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அதுதான் மழைக்காலம். மண் நனைந்து கிடக்கும், காற்றும் வடகிழக்கிலிருந்து வரும். அந்த எண்ணை வைத்துக் கோடையைக் கணிக்க முடியாது. இந்த 24 மாதிரிகளின் சராசரியை ஆண்டு வரம்பான 60-உடன் ஒப்பிடுவதும் தவறு. ஆண்டுச் சராசரிக்குக் குறைந்தது 104 அளவீடுகள் வேண்டும் என்று தரநிலையே சொல்கிறது.

பக்கத்துக் குவாரிகள் மூடியிருந்த நாட்களில் அளந்தார்களா என்றும் பாருங்கள். 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளை ஒரே தொகுப்பாகக் கருத வேண்டும் என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016 ஜனவரி அறிவிக்கை சொல்கிறது. அனுமதி வாங்கி இன்னும் தொடங்காதவற்றின் தூசு எந்த அளவீட்டிலும் வராது. அதைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

கூட்டல்

ஊரில் இப்போதைய சராசரி 55, அதிகபட்சம் 72, குவாரியால் கூடுவது 35 என்று வைத்துக்கொள்வோம். 55-உடன் கூட்டினால் 90, தேறிவிடும். 72-உடன் கூட்டினால் 107. திட்டத்தின் மோசமான நாளை ஊரின் சராசரி நாளோடு கூட்டுவது அடிக்கடி நடக்கிறது. எதை எதோடு கூட்டினார்கள் என்று அட்டவணையின் தலைப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

காற்றுத் திசையும் புள்ளிகளும்

எந்தத் திசைக் காற்று எவ்வளவு அடிக்கிறது என்று பூ இதழ்களாகக் காட்டும் விண்ட் ரோஸ் படத்தில் நீளமான இதழ் காற்று வரும் திசையைக் காட்டுகிறது, போகும் திசையை அல்ல. தென்மேற்கு இதழ் நீளம் என்றால் தூசு வடகிழக்கு ஊருக்குப் போகும். இதைத் தலைகீழாகப் படித்து, அளவீட்டுக் கருவியைத் தூசு போகாத பக்கம் வைத்துவிடுகிறார்கள். தொலைவிலுள்ள விமான நிலையத்தின் காற்றுத் தரவும் ஆபத்துதான். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக இருக்கும் இடத்தின் ஜூன், ஜூலைக் காற்றும் மலை மறைவில் இருக்கும் இடத்தின் காற்றும் ஒன்றாகாது.

10 கிலோமீட்டர் வட்டம் முழுவதும் 1,000 மீட்டர் இடைவெளியில், மென்பொருள் தூசு அளவைக் கணிக்க வேண்டிய புள்ளிகளைப் போட்டால் படம் அழகாக வரும். ஆனால் தரையோரம் கிளம்பும் தூசின் உச்சம் முதல் சில நூறு மீட்டர்களுக்குள் முடிந்துவிடும். புள்ளி அதைத் தவறவிடும். குவாரி எல்லையையொட்டி 50 முதல் 100 மீட்டருக்கு ஒரு புள்ளியும், மிக அருகிலுள்ள வீடு, பள்ளி, அங்கன்வாடிக்குத் தனித்தனிப் புள்ளியும் வேண்டும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. அந்த நாட்களில் வண்ணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் டிப்பர் நடை எண்ணிக்கை, நுண்மண் சதவீதம், வேலை நேரம், தண்ணீர்க் கணக்கு ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரண கால்குலேட்டரிலேயே சரிபார்த்துவிடலாம்.