ஷட்டில் ஆடிப் பழகுன கையோட பிக்கிள்பாலுக்கு வர்றவங்களுக்கு

நான் 15 வருஷம் ஷட்டில் ஆடுனவன். எங்க அண்ணா நகர் செட்டுல நாலஞ்சு பேருக்கு முழங்கால் வலி வந்து ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க, அதுல ஒரு அண்ணன்தான் "சும்மா வீட்ல உக்காரதுக்கு இதையாவது ஆடுவோம்டா"ன்னு பிக்கிள்பால் ஆட நாலு பேடிலும் (வலையில்லாத தட்டை மட்டை) ஒரு டப்பா ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் வாங்கிட்டு வந்தாரு. ஷட்டில் ஆடுற நமக்கு இது என்ன பெரிய விஷயம்னு நெனச்சு எறங்குனேன், மூணு மாசம் ஒரு கேம் கூட ஒழுங்கா ஜெயிக்கல. எங்க தப்புன்னு கண்டுபிடிக்க அவ்வளவு நாள் ஆச்சு. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாதுன்னுதான் எழுதுறேன். 11 பாயின்ட், ரெண்டு வித்தியாசத்துல ஜெயிக்கணும், சர்வ் போடுற பக்கத்துக்குத்தான் பாயின்ட், இதெல்லாம் ஒரு நாள் கூட நின்னு பாத்தாலே புரிஞ்சிரும், அதுக்குள்ள நான் போகல.

1. கோர்ட்டு

பிக்கிள்பால் கோர்ட்டும் ஷட்டில் டபுள்ஸ் கோர்ட்டும் ஒரே அளவு, 44 அடிக்கு 20 அடி. 1965ல அமெரிக்காவுல பெயின்பிரிட்ஜ் தீவுல ஜோயல் பிரிட்சர்டும் அவரோட சிநேகிதங்களும் முதல்ல ஆடுனதே ஒரு ஷட்டில் கோர்ட்டுலதான். அதனால உங்க தெருவுல, அப்பார்ட்மென்ட்ல சிமென்ட் தரையில ஷட்டில் கோடு போட்டிருந்தா வேலை முக்காவாசி முடிஞ்சிருச்சு. நெட்டை மட்டும் எறக்கணும், ரெண்டு ஓரத்துலயும் 36 இஞ்ச், நடுவுல 34. நடுவுல ஒரு நாடாவை வச்சு கீழ இழுத்துக் கட்டிருங்க.

இங்கதான் நாங்க ஏமாந்தோம். ஷட்டில்ல நெட்டுக்கு முன்னாடி இருக்குற சர்வீஸ் கோடு நெட்டுல இருந்து ஆறரை அடி. பிக்கிள்பால்ல கிச்சன் கோடு, அதாவது நெட்டை ஒட்டி தரையில படாத பந்தை நின்னு அடிக்கக் கூடாத எடத்தோட எல்லை, 7 அடி. அரை அடிதானேன்னு பழைய கோட்டையே கிச்சனா வச்சு ரெண்டு மாசம் ஆடிட்டோம். அப்புறம் ரேஸ்கோர்ஸ் பக்கம் சரியா கோடு போட்ட கோர்ட்டுல ஆடப் போனா எல்லாருக்கும் கால் கோட்டு மேலயே நிக்குது, ஃபால்ட் மேல ஃபால்ட். காலுக்கு அந்த அரை அடி அப்படிப் பழகிப் போயிருந்துச்சு. டேப் வச்சு அளந்து, பெயின்ட் அடிக்கிறவங்க ஒட்டுற காகித டேப்பை ஒட்டிக்கங்க. சுண்ணாம்பு வேணாம், ஷூவுல ஒட்டி வழுக்குது.

2. பேடில், பந்து, ஷூ

மரப் பேடில் வாங்காதீங்க. விலை கம்மிதான், ஆனா கனம், அரை மணி நேரத்துல முழங்கை பேச ஆரம்பிச்சிரும். உள்ள தேன்கூடு மாதிரி பாலிமர் இருக்குற பேடில் வாங்குங்க. எடை 220ல இருந்து 235 கிராமுக்குள்ள, தடிமன் 16 மில்லிமீட்டர். 13, 14ல வர்றது பந்தை வேகமா தள்ளும், புதுசா ஆடுறவங்களுக்கு அந்த வேகமே எதிரி. பந்துல 40 ஓட்டை போட்டது வெளிக் கோர்ட்டுக்கு, 26 ஓட்டை உள் அரங்கத்துக்கு. மாத்தி வாங்குனா ஆடி மாசக் காத்துல பந்து பாட்டுக்கு பக்கத்துக் கோர்ட்டுக்குப் போயிரும்.

ஓடுறதுக்குப் போடுற ஷூவோட வராதீங்க. அதோட அடி மெத்து மெத்துன்னு உசரமா இருக்கும், நேரா ஓடத்தான் அது லாயக்கு, பக்கவாட்டுல கால் வச்சா பொரண்டுக்கும். எங்க செட்டுல ஒரு தம்பிக்கு அப்படித்தான் கணுக்கால் வீங்கி மூணு வாரம் வரல. உங்க பழைய ஷட்டில் ஷூவே போதும்.

3. மணிக்கட்டைத் தூங்க வைக்கிறது

இந்தப் பதிவே இதுக்காகத்தான். ஷட்டில்ல நமக்கு எல்லாமே மணிக்கட்டு. இறகு காத்துல வேகத்தை எழந்துக்கிட்டே வரும், அதனால கடைசி நேரத்துல ஒரு சுண்டு சுண்டுனாத்தான் அது போகும். இங்க பந்து கெட்டி பிளாஸ்டிக், பேடில்ல வலையும் கெடையாது, பட்ட ஒடனே தெறிக்கும். மணிக்கட்டு லேசா சுண்டுனா பேடில் முகம் ஒரு நூல் திரும்பும், அந்த ஒரு நூலுக்கு பந்து நெஞ்சு ஒசரத்துக்கு எந்திரிச்சு எதிர்ல நிக்கிறவருக்கு லட்டு மாதிரி போயி நிக்கும். அவரு ஓங்கி அடிப்பாரு. நான் மூணு மாசம் தெனமும் அந்த லட்டைத்தான் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன், எனக்கே தெரியாம.

சொல்லிக் குடுத்தது எங்க கூட ஆடுற ஒரு அக்கா. ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, ஷட்டில் ராக்கெட்டைத் தொட்டதே இல்ல. அவங்க பந்து நெட்டைத் தாண்டுன ஒடனே செத்துப் போன மாதிரி கிச்சனுக்குள்ள விழும். ஒரு நாள் தண்ணி குடிக்கிற நேரத்துல கேட்டேன், எப்டிக்கா இதுன்னு. "தம்பி, நீங்க பந்தை வெட்டுறீங்க. தோசைக்கு மாவு ஊத்துறோம்ல, அப்ப கரண்டியை ஒதறுவமா? கை மொத்தமா போகும், மாவு தானா விழும். அப்டி ஊத்துங்க"ன்னாங்க. எங்கம்மா தோசை ஊத்துறதை அன்னிக்கு சாயங்காலம் அடுப்புக்குப் பக்கத்துல நின்னு பாத்தேன். நெசம்தான், தோள்ல இருந்து கை மொத்தமா ஊஞ்சல் மாதிரி வருது, மணிக்கட்டு அசையவே இல்ல.

அதை இப்படிப் பழகுங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு கிச்சன் கோட்டுக்கு ரெண்டு விரக்கடை பின்னாடி நில்லுங்க. முழங்காலை மடக்கி ஒக்காரப் போற மாதிரி எறங்கணும், இடுப்பை வளைக்கிறது கணக்குல வராது. பேடிலை கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க, 10க்கு 3, 4 இறுக்கம்தான். பந்து ஒங்க ஒடம்புக்கு முன்னாடி இருக்கும்போதே தொடணும், பக்கத்துக்கு வந்துட்டா மணிக்கட்டு தானா வேலைக்கு வந்துரும். பேடில் முகம் லேசா வானத்தைப் பாத்திருக்கட்டும், பின்னாடி இழுக்கவே இழுக்காதீங்க, தோள்ல இருந்து முன்னாடி ஒரு தள்ளு. இதுக்குப் பேருதான் டிங்க். நெட்டுக்கு நேரா பழகுனப்புறம் குறுக்க மூலைக்கு மூலை ஆடுங்க, குறுக்க தூரம் ஜாஸ்தி, நெட்டு நடுவுல 2 இஞ்ச் தாழ்வு, அதனால அதுதான் பத்திரமான அடி.

நான் என்ன பண்ணேன்னா முழங்காலுக்கு வாங்கி வச்சிருந்த கிரேப் பேண்டேஜை மணிக்கட்டுல நாலு சுத்து தளர்வா சுத்திக்கிட்டேன். அது மணிக்கட்டைக் கட்டிப் போடாது, ஆனா நீங்க சுண்டுற ஒவ்வொரு தடவையும் துணி இழுக்கும், ஒடனே தெரியும். ஒரு வாரம் தெனம் காலைல கேமுக்கு முன்னாடி கால் மணி நேரம். 50 டிங்க் விடாம போகணும், நடுவுல விட்டா மறுபடி ஒண்ணுல இருந்து. முதல் நாள் நாங்க 9ஐத் தாண்டல. எட்டாவது நாள் 50 வந்தப்ப அந்த அக்கா அந்தப் பக்கத்துல இருந்து கை தட்டுனாங்க, அந்த சந்தோஷத்தை எனக்கு எந்த ஷட்டில் கப்பும் குடுத்ததில்ல.

4. சர்வும், அதுக்கப்புறம் நிக்கிற எடமும்

சர்வுக்கு பந்தைக் கையில இருந்து சும்மா கீழ விட்டு, தரையில பட்டு எந்திரிக்கும்போது அடிக்கிற டிராப் சர்வை எடுத்துக்கங்க. பந்தைக் காத்துலயே அடிக்கிற சாதா சர்வுல வர்ற, இடுப்புக்குக் கீழயா, பேடில் மணிக்கட்டுக்குக் கீழயான்ற பஞ்சாயத்தே இதுல கெடையாது. ஆனா பந்தை விடத்தான் செய்யணும், தரையில எறியக் கூடாது, மேல தூக்கியும் போடக் கூடாது. வேகம் வேணாம், ஆழமா விழட்டும்.

சர்வ் போட்ட ஒடனே உள்ள ஓடி வர்றது ஷட்டில்காரங்க எல்லாருக்கும் இருக்குற வியாதி. திரும்பி வர்ற பந்து உங்க பக்கம் ஒரு தடவை தரையில பட்டாத்தான் நீங்க அடிக்கலாம், உள்ள வந்துட்டா அது உங்க காலடியில வந்து விழும். சர்வ் போட்ட ரெண்டு பேரும் பேஸ்லைனுக்கு (கோர்ட்டோட பின் கோடு) பின்னாடியே நில்லுங்க. சர்வை எடுத்து அடிக்கிறவரு நேர்மாறு, அடிச்ச கையோட கிச்சன் கோட்டுக்கு நடையைக் கட்டணும்.

5. கோர்ட்டுல சில பழக்கம்

சர்வுக்கு முன்னாடி ஸ்கோரை சத்தமா சொல்லுங்க, மூணு நம்பரும். முதல்ல உங்களுது, அப்புறம் அவங்களுது, அப்புறம் உங்க பக்கத்துல சர்வ் போடுறதுல நீங்க முதல் ஆளா ரெண்டாவது ஆளான்னு. கேம் தொடங்குறப்ப மட்டும் முதல்ல சர்வ் போடுறவரே ரெண்டாவது ஆளுன்னு கணக்கு, அதனால 0-0-2.

ரெண்டு பேருக்கு நடுவுல வர்ற பந்துக்கு நாங்க "என்னுது", "உன்னுது"ன்னு கத்துவோம். மூச்சு வாங்குறப்ப ரெண்டும் ஒண்ணு போலவே கேக்கும், ஒண்ணு பேடிலும் பேடிலும் மோதும், இல்ல ரெண்டு பேரும் நின்னு வேடிக்கை பாப்போம். இப்ப எடுக்குறவரு "நானு"ம்பாரு, வெளிய போற பந்துக்கு "விடு". அவ்வளவுதான், சண்டை நின்னுச்சு.

கோட்டுல விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு சந்தேகம் வந்தா எதிராளிக்குக் குடுத்துருங்க. பக்கத்துக் கோர்ட்டுப் பந்து உருண்டு வந்தா பாயின்ட் பத்தி யோசிக்காம "பந்து"ன்னு கத்தி எல்லாரையும் நிறுத்துங்க, அது மேல கால் வச்சா கதை முடிஞ்சது. தலைக்கு மேல போற பந்துக்கு மொகத்தை நெட்டுப் பக்கம் வச்சுக்கிட்டே பின்னாடி ஓடாதீங்க, திரும்பி ஓடுங்க, இல்லன்னா பந்தை விட்டுருங்க. வயசானவங்க ஆடுற செட்டுல இதை நான் கெஞ்சிக் கேட்டுக்குவேன், பின்னந்தலை சிமென்ட்ல படுறது வெளையாட்டு இல்ல. நம்ம ஊரு வெயிலுக்கு சித்திரை, வைகாசியில ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள்ள முடிச்சிரணும். ஆடியில முதல்ல வர்றவரு தென்னம் விளக்கமாறை எடுத்து கோர்ட்டைக் கூட்டிரணும், காத்து கொண்டு வந்து போடுற மணல்லதான் வழுக்குறதே.

அப்டேட்: திருநகர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு, கிச்சனுக்குள்ள கால் வைக்கவே கூடாதாண்ணேன்னு. தாராளமா வைக்கலாம் தம்பி. தரையில படாத பந்தை உள்ள நின்னு அடிக்கத்தான் கூடாது. பட்டு எந்திரிச்சா உள்ள போய் எடுங்க, எடுத்த ஒடனே வெளிய வந்துருங்க.

இன்னொரு அப்டேட்: வெளிய நின்னு வாலி (தரையில படாத பந்தை அடிக்கிறது) அடிச்சுட்டு அந்த வேகத்துல உள்ள காலை வச்சாலும் ஃபால்ட்தான், பந்து செத்ததுக்கப்புறம் வச்சாலும் அப்படித்தான். உங்க தொப்பி, கண்ணாடி, பாக்கெட்ல இருந்து போன் அந்த வேகத்துல உள்ள விழுந்தாலும் அதே கணக்கு. எங்க செட்டுல இப்ப எல்லாரும் போனை நெட்டுக் கம்பத்துக்குப் பக்கத்துல இருக்குற பெஞ்சுல வச்சுட்டுத்தான் எறங்குறோம்.