அப்பா ஏ, அம்மா பி, பிள்ளை ஓ: ரத்த வகைக் கணக்கு போடுவது எப்படி?

பள்ளி அடையாள அட்டைக்காக அண்ணன் மகளுக்கு ரத்த வகை பார்த்தார்கள். ஓ பாசிட்டிவ். அண்ணன் ஏ, அண்ணி பி. "ரெண்டு பேர்ல ஒருத்தரோடதாவது வர வேண்டாமா? ஆஸ்பத்திரியில பிள்ளைய மாத்திட்டாங்களோ?" என்று அம்மா ஆரம்பித்துவிட்டார். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக் காட்டினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தாள், பேனா, வீட்டாரின் ரத்த வகை, இவ்வளவு போதும். பாசிட்டிவ், நெகட்டிவ் பிறகு.

படி 1: ஆளுக்கு இரண்டு எழுத்து

ரத்த வகைக்கான மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோம் நம்மிடம் இரண்டு உண்டு. ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. ஒவ்வொன்றிலும் ஏ, பி, ஓ என்ற மூன்று வடிவங்களில் ஒன்று இருக்கும், அதுதான் எழுத்து. அதனால் அட்டையில் 'ஏ' என்று இருந்தாலும் உள்ளே இருப்பது ஏஏ அல்லது ஏஓ. பி வகையும் அப்படித்தான், பிபி அல்லது பிஓ. ஓ வகைக்காரர் பொதுவாக ஓஓ, ஏபி வகைக்காரர் ஏபி.

படி 2: ஓ ஏன் வெளியே தெரிவதில்லை?

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வெளியே தெரிவதை ஓங்கு பண்பு என்றும் மறைந்திருப்பதை ஒடுங்கு பண்பு என்றும் சொன்னதும் ஒன்று மற்றொன்றை அமுக்கிவிடுவதாகத் தோன்றும். அப்படி எதுவும் நடப்பதில்லை.

ரத்தச் சிவப்பணுவின் மேற்பரப்பை வீட்டு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலம் போட இரண்டு பேர். ஏ மரபணு உருவாக்கும் நொதி அங்கே ஒரு வகைச் சர்க்கரையை ஒட்டும், அது புள்ளிக்கோலம். பி மரபணுவின் நொதி வேறொரு சர்க்கரையை ஒட்டும், அது படிக்கோலம். ஓ? பரவலாக உள்ள ஓ வடிவத்தில் மரபணுவின் டிஎன்ஏ வரிசையில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டு, நொதியே உருப்படாமல் போயிருக்கிறது. மாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும் ஆள்.

ஏஓ வீட்டில் ஒருவர் சும்மா நின்றாலும் வாசலில் புள்ளிக்கோலம் இருக்கும். பார்ப்பவருக்கு அது ஏ வீடு. அதனால்தான் ஏ ஓங்கு, ஓ ஒடுங்கு. ஏபி வீட்டில் இரண்டு கோலமும் பக்கத்தில் பக்கத்தில். இதற்கு இணை ஓங்குத்தன்மை என்று பெயர்.

ஒரு விஷயம்: ஓங்கு என்றால் நிறையப் பேரிடம் இருப்பது என்று பொருள் இல்லை. ஓ ஒடுங்கு பண்புதான். ஆனால் நம் ஊரில் ஓ வகைக்காரர்களுக்கா பஞ்சம்?

படி 3: கட்டம் போடுங்கள்

சதுரம் வரைந்து நான்காகப் பிரியுங்கள். பிள்ளை ஓஓ என்றால் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கோர் ஓ தந்திருக்க வேண்டும். ஆகவே மேலே அப்பாவின் இரண்டு எழுத்து: ஏ, ஓ. இடப்பக்கம் அம்மாவின் எழுத்து: பி, ஓ. ஒவ்வொரு கட்டத்திலும் மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என்று சேர்த்து எழுதினால்:

ஏபி | பிஓ
ஏஓ | ஓஓ

நான்கில் ஒன்று ஓ. நான்கு பிள்ளை பெற்றால் ஒன்று ஓ என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் சீட்டைப் புதிதாகக் குலுக்குகிறோம். முதல் பிள்ளை ஓ என்றால் அடுத்ததும் ஓ ஆக வரலாம்.

ஒருவர் ஏஏவா ஏஓவா என்று எப்படித் தெரியும்? அவருடைய பெற்றோரில் ஒருவர் ஓ என்றால் அவர் கட்டாயம் ஏஓ.

படி 4: பாசிட்டிவ், நெகட்டிவ்

இது தனி மரபணு, 1ஆம் குரோமோசோமில். இதற்குத் தனிக் கட்டம். பாசிட்டிவ் ஓங்கு, நெகட்டிவ் ஒடுங்கு. ஆகவே பெற்றோர் இருவரும் பாசிட்டிவாக இருந்தும் பிள்ளை நெகட்டிவாகப் பிறக்கலாம்.

கட்டம் பொய்க்கும் இடம்

வாசல் தெளித்தால்தானே கோலம்? சிலருக்கு அந்தச் சர்க்கரைகள் ஒட்டுவதற்கான அடித்தளமே, அதாவது ஹெச் ஆன்டிஜென், உருவாவதில்லை. ஏ மரபணு உள்ளே இருந்தும் சோதனையில் ஓ போலத் தெரியும். 1952இல் பம்பாயில் பென்டே குழுவினர் கண்டறிந்த பம்பாய் ரத்த வகை இதுதான். இவர்களுக்குச் சாதாரண ஓ ரத்தமும் சேராது. அரிதுதான். ஆனாலும் கட்டத்தை மட்டும் வைத்து யாருடைய பிறப்பையும் சந்தேகப்பட வேண்டாம்.

அப்புறம், நாக்கைச் சுருட்டும் திறனுக்கு இந்தக் கட்டக் கணக்கைப் போடாதீர்கள். ஒரே கருவில் உருவான இரட்டையரிலேயே சில சமயம் ஒருவர் சுருட்டுவார், மற்றவரால் முடியாது.

சரி, எங்கள் வீட்டுக் கதை. கட்டத்தைப் பார்த்த அம்மா, "அப்போ உங்கண்ணனுக்கு அந்த ஓ எங்கிருந்து வந்துச்சாம்?" என்றார். அம்மாவுடைய பழைய ஆபரேஷன் ஃபைலைத் தேடி எடுத்தோம். முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில்: ஓ பாசிட்டிவ்.