மூன்று ரிமோட்டை ஒன்றாக்குவது எப்படி?

டிவிக்கு ஒரு ரிமோட், ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஓடும் கோடி (Kodi) என்ற படம் போடும் மென்பொருளுக்கு ஒரு குட்டிக் கீபோர்டு. படம் போடுவதற்குள் சோபா இடுக்கிலிருந்து மூன்றையும் தேடி எடுக்க வேண்டும். இந்த மூன்றின் வேலையையும் ஒரே யுனிவர்சல் ரிமோட்டிடம் ஒப்படைப்போம். கோடிங் தெரிய வேண்டாம், கொஞ்சம் பொறுமை போதும்.

ரிமோட்டை இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், பழைய ரிமோட்டின் சிக்னலைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் லேர்னிங் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கோட், அதாவது ஒவ்வொரு பிராண்டின் கருவிக்கும் உரிய எண், அடங்கிய பட்டியலை மட்டும் நம்பியிருக்கும் ரிமோட், பட்டியலில் இல்லாத கருவியைக் கண்டால் கையை விரித்துவிடும்.

படி 1: அகச்சிவப்பா, ப்ளூடூத்தா?

பழைய ரிமோட்டைச் செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். ரிமோட் நுனியில் வெளிர் ஊதா ஒளி மினுக்கினால் அது அகச்சிவப்பு. அதன் அலைநீளம் சுமார் 940 நானோமீட்டர் என்பதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. பின்பக்கக் கேமரா பல போன்களில் இந்த ஒளியை வடிகட்டிவிடும், அதனால்தான் முன்பக்கம்.

ஒன்றும் தெரியவில்லையா? முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் அது ப்ளூடூத் ரிமோட்டாக இருக்கலாம். அந்தக் கருவியைச் சாதாரண யுனிவர்சல் ரிமோட்டால் அசைக்க முடியாது.

படி 2: கோட் போடுவது

பெரும்பாலான ரிமோட்டுகளில் டிவி பட்டனைத் தட்டி, செட்டப் பட்டனை விளக்கு எரியும்வரை பிடித்திருந்து, ரிமோட்டோடு வந்த தாளில் உங்கள் பிராண்டுக்கு உள்ள கோட் எண்ணை அடிக்க வேண்டும். ஒரே பிராண்டுக்குப் பல எண்கள் இருக்கும். பவர் பட்டன் வேலை செய்தவுடன் 'முடிந்தது' என்று நிறுத்திவிடாதீர்கள். பவர் மட்டும் ஒத்துப்போய், மெனுவும் அம்புக்குறிகளும் ஊமையாகக் கிடக்கிற கோட் நிறைய உண்டு. ஒலி, மியூட், இன்புட் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்த பிறகே அடுத்த கருவிக்குப் போங்கள்.

படி 3: கற்றுக்கொடுப்பது

கோட் கிடைக்காத பட்டன்களுக்குத்தான் லேர்னிங். இரண்டு ரிமோட்டையும் மேசைமேல் மூக்கோடு மூக்காக, இரண்டு மூன்று விரல் இடைவெளியில் வைத்து, லேர்னிங் நிலைக்குப் போய், புதியதில் எந்தப் பட்டன் என்று காட்டிவிட்டு, பழையதில் உரிய பட்டனை அழுத்த வேண்டும். வெயில் படும் இடம் வேண்டாம். நான் முதல் தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். திரையை இழுத்து மூடியதும் ஒரே அழுத்தலில் பிடித்துக்கொண்டது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி-5 என்ற ரிமோட் சிக்னல் முறையில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் 14 பிட் (0 அல்லது 1) போகும். அதில் ஒரு பிட், பட்டனை விட்டு மறுபடி அழுத்தும்போதெல்லாம் 0, 1 என்று மாறி மாறி வரும். இது புது அழுத்தல் என்று கருவிக்குத் தெரிவது அதை வைத்துத்தான். கற்றுக்கொண்ட ரிமோட்டோ கிளிப்பிள்ளை மாதிரி ஒருமுறை கேட்டதையே திருப்பிச் சொல்லும், பிட் மாறாது. விரலை இன்னும் எடுக்கவில்லை என்று கருவி நினைத்துக்கொள்ளும். 11-ஆம் சேனலுக்கு ஒன்றை இரண்டு முறை தட்டினால் ஒரே ஒரு 1 விழும். இப்படி நடந்தால் லேர்னிங்கை விட்டுவிட்டுப் படி 2-க்கே திரும்பி வேறு கோட் தேடுங்கள்.

படி 4: ராஸ்பெர்ரி பைக்குக் காது வைப்பது

பைக்கு அகச்சிவப்பு ரிசீவர் கிடையாது. 38 கிலோஹெர்ட்ஸ் ரிசீவர் சில்லை வாங்கி ஒயர் இணைக்கலாம். ஆனால் முதல் தடவை என்றால் ஃப்ளிர்க் மாதிரி யுஎஸ்பி ரிசீவர்தான் என் ஓட்டு. அகச்சிவப்பு ரிமோட்டின் பட்டனைக் கீபோர்டு விசையாக மாற்றிக் கொடுக்கும். வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, திரையில் விசையைச் சொடுக்கி, ரிமோட்டில் பட்டனை அழுத்தினால் நினைவில் வைத்துக்கொள்ளும். அப்புறம் கழற்றி ராஸ்பெர்ரி பையில் செருக வேண்டியதுதான்.

யுனிவர்சல் ரிமோட்டில் இதற்கு எந்தக் கோட் போடுவது? உங்களிடம் இல்லாத ஒரு கருவியின் கோட். வீட்டில் உள்ள டிவியின் கோடையே போட்டால், நீங்கள் கோடியில் கீழே போக அழுத்துவது டிவிக்கும் கேட்கும். ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக ரிமோட் அழுத்தலைக் கடத்தும் சிஇசி வசதி டிவியில் இருந்தால், அதே அழுத்தல் அந்த வழியாகவும் பைக்குப் போய்ச் சேரும். ஒரு தட்டுக்கு இரண்டு வரி தாவும். எனக்கு இது பிடிபட இரண்டு நாள் ஆனது. ரிசீவர்தான் பழுது என்று அதைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். யாரிடமும் இல்லாத ஒரு பழைய டிவிடி பிளேயர் கோடைப் போட்டதும் தகராறு தீர்ந்தது.

கோடிக்குத் தேவையான விசைகள்: நான்கு அம்புக்குறிகள், தேர்வுக்கு என்டர், பின்னே போகப் பேக்ஸ்பேஸ், நிறுத்தி ஓட்ட ஸ்பேஸ் பார், முழுவதும் நிறுத்த எக்ஸ், முன்னோட்ட எஃப், பின்னோட்ட ஆர், சப்டைட்டிலுக்கு டி (T), விவரத்துக்கு ஐ. பவர் பட்டனுக்கு ஷட்டவுன் கொடுக்காதீர்கள். பையை ரிமோட்டாலேயே அணைத்துவிட்டால் மறுபடி எழுப்ப எழுந்துதான் போக வேண்டியிருக்கும்.

படி 5: ஒலியும் மேக்ரோவும்

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒலிப் பட்டன்கள் ஆம்ப்ளிஃபயருக்கே போகும்படி வையுங்கள். பல ரிமோட்டில் இந்த அமைப்பு உண்டு.

மேக்ரோ இருந்தால் ஒரே பட்டனில் டிவி, ஆம்ப், இன்புட் மூன்றையும் வரிசையாக ஓட்டலாம். டிவி எழுந்திருக்கச் சில நொடிகள் ஆகும், அதனால் இன்புட் கட்டளையைக் கடைசியில் போடுங்கள். பவர் பட்டன் ஒன்றே ஆன், ஆஃப் இரண்டையும் செய்வதுதான் தலைவலி: ஆம்ப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மேக்ரோ அதை அணைத்துவிடும். ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனிக் கோட் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள், கிடைத்தால் அதையே போடுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் போட்ட கோட் எண்களை ஒரு சின்னத் தாளில் எழுதி பேட்டரி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சில ரிமோட்டுகள் பேட்டரி மாற்றும்போது எல்லாவற்றையும் மறந்துவிடும்.