வாய்க்கால் வழியே ஒரு பெட்டி: குடியேற்ற ஊரின் வரலாற்றைப் புதையல் தேடலாக அமைக்கும் முறை

ஜி.பி.எஸ். கருவியின் துணையோடு, ஒருவர் மறைத்து வைத்த சிறு பெட்டியை இன்னொருவர் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் தம் பெயரை எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பதுதான் ஜியோகேச்சிங். 2000 மே மாதத் தொடக்கத்தில், ஜி.பி.எஸ். சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவந்த கட்டுப்பாடு நீக்கப்பட்ட மறுநாளே, அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் முதற்பெட்டி வைக்கப்பட்டது. இதில் புதிர்ப்பெட்டி என்ற வகைக்குச் சரியான அமைவிடம் வெளிப்படையாகத் தரப்படுவதில்லை. புதிரை விடுவித்தவருக்கே அது கிடைக்கும். திட்டமிட்டு உருவாக்கப்பட்ட ஊரின் வரலாற்றைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான வகை எனக்குத் தெரியவில்லை.

இலங்கையின் வடக்கிலுள்ள கிளிநொச்சி அப்படிப்பட்ட ஊர். யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிப்பதற்காக 1936 இல் குடியேற்றத் திட்டமாக அது தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1902 இல், கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை ஆரம்பித்திருந்தது. முதலில் குளம், பிறகு வாய்க்கால், அதன் பிறகே வீடு என்ற இந்த வரிசையையே உங்கள் புதிரின் வரிசையாகவும் கொள்ளுங்கள். ஆண்டுகளைக் கேட்டுக் கணக்குப் போடவைக்கும் புதிரை ஊருக்கு வராமலே விடுவித்துவிடலாம். தண்ணீர் வந்த வழியே நடக்கவைக்கும் புதிரை விடுவிக்க வயலோரத்துக்கு வந்தே ஆகவேண்டும்.

முதலில் ஒரே ஒரு குடியேற்றத்தைத் தெரிவு செய்யுங்கள். புதிரோடு அடையாளமாக வெளியிடப்படும் புள்ளியிலிருந்து மெய்யான பெட்டி ஏறத்தாழ 3.2 கிலோமீற்றருக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே இரணைமடுவின் இடதுகரை வாய்க்காலின் உருத்திரபுரத்தையும் வலதுகரை வாய்க்காலின் வட்டக்கச்சியையும் ஒரே புதிரில் இணைக்க முயல வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனிக் கதைகள் இருக்கின்றன, தனித்தனிப் புதிர்களுக்கும் அவை தகுதியானவை.

அமைவிடத்தைப் பாகையும் தசம நிமிடமுமாக எழுதுவது வழக்கம். பாகையையும் நிமிடத்தின் முழு எண்ணையும் வெளிப்படையாகக் கொடுத்துவிட்டு, தசமப் புள்ளிக்குப் பின்வரும் மும்மூன்று இலக்கங்களை, அதாவது மொத்தம் ஆறு இலக்கங்களை மட்டும் மறைத்தால் போதும். மூன்றாவது இலக்கத்தில் ஒன்று பிழைத்தால் தேடுபவர் ஏறத்தாழ 1.85 மீற்றர் விலகுவார். இரண்டாவதில் பிழைத்தால் 18 மீற்றருக்கு மேல். முதலாவதில் பிழைத்தால் 185 மீற்றர், அதாவது அடுத்தவருடைய வயலுக்குள். எனவே ஐயத்துக்கு இடமே இல்லாத விடைகளை முதல் இலக்கங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். குடியேற்றம் தொடங்கிய 1936 ஐ அதிலிருந்து கழித்தால் 48 வரும். அகலாங்கின் முதல் இலக்கம் 4, நெட்டாங்கின் முதல் இலக்கம் 8 என்று பிரித்துக் கொடுக்கலாம்.

மீதி நான்கு இலக்கங்களும் நிலத்திலிருந்து வரவேண்டும். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்காலின் எண்ணே இடத்தின் பெயராகிவிட்டது. கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் 155ஆம் கட்டை, அதாவது 155ஆம் மைல்கல், என்ற பெயர், மைல் கணக்கு வழக்கொழிந்த பிறகும் மக்களின் வாயில் நிலைத்திருக்கிறது. பொறியியலாளரின் வரைபடத்திலிருந்தும் வீதிக்கணக்கிலிருந்தும் புறப்பட்ட எண்கள் ஊர்ப்பெயர்களாக மாறியதைத் தேடுபவர் தாமே உணரும்படி கேள்வியை அமைக்கவேண்டும். இந்தச் சந்தியில் நின்று, பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவரிடம் இது எத்தனையாம் வாய்க்கால் என்று கேளுங்கள் என்பதே ஒரு நல்ல வழிகாட்டல்தான்.

பெயர்ப்பலகைகளை நம்பிப் புதிர் அமைக்காதீர்கள். நான் முதன்முதலில் அமைத்த புதிரில் ஒரு நுழைவாயில் வளைவில் இருந்த ஆண்டைக் கேட்டிருந்தேன். அடுத்த ஆண்டே அது புதுவர்ணத்தின் கீழ் மறைந்துபோயிற்று. போரில் முழு ஊரும் இடம்பெயர்ந்து திரும்பிய மண்ணில் எழுத்துகளைவிட மதகும், நீரைத் திறந்துவிடும் துருசும்தான் நிலையானவை. அவற்றை எண்ணச் சொல்லுங்கள். முதியவர்களிடம் கேட்டறிந்த செய்திகளையும் இரண்டு மூன்று பேரிடம் ஒப்பிட்ட பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் பாயாத மேட்டுக் குடியிருப்புகளையும் விட்டுவிடக் கூடாது. தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களின் கதை, நீர்ப்பாசனக் காணி பெற்றவர்களின் கதையிலிருந்து வேறானது. அதைச் சொல்லாத புதிர் ஊரின் பாதியைத்தான் சொல்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இழப்புகளின் திகதிகளையும், போரில் இறந்த போராளிகளின் கல்லறைகளான துயிலும் இல்லங்களையும் விளையாட்டின் இலக்கங்களாக ஆக்கவேண்டாம்.

விடையைச் சரிபார்க்க ஒரு சோதனை எண்ணையும் கொடுங்கள். ஆறு இலக்கங்களின் வெறும் கூட்டுத்தொகை போதாது. 48 ஐ 84 என்று மாற்றி எழுதினாலும் அது 12 தான். முதல் இலக்கத்தை ஒன்றாலும் இரண்டாவதை இரண்டாலும் இப்படியே பெருக்கிக் கூட்டச் சொன்னால், அகலாங்கின் முதல் இலக்கம் முதலாம் இடத்திலும் நெட்டாங்கின் முதல் இலக்கம் நான்காம் இடத்திலும் வருவதால், 48 இன் பங்கு 36 ஆகவும் 84 இன் பங்கு 24 ஆகவும் பிரிந்து பிழை வெளிப்பட்டுவிடும்.

பெட்டியை வைக்கும் இடத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. நாள்தோறும் மக்கள் நடமாடும் பாதையிலிருந்து எட்டித் தொடக்கூடிய இடமே வேண்டும்; பற்றைக்குள்ளோ கைவிடப்பட்ட காணிக்குள்ளோ ஒருவரும் இறங்கத் தேவைப்படக் கூடாது. மிதிவெடி அகற்றப்பட்ட பகுதிகளிலும், அறியாத தகரப்பேணியைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறோம். எனவே உலோகப் பெட்டி வேண்டாம். உள்ளிருப்பது வெளியே தெரியும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியில், இது என்ன என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். நிலத்துக்கு உரியவரின் வெளிப்படையான அனுமதியின்றி மண்ணைத் தோண்டிப் புதைப்பதை விளையாட்டின் விதியே தடுக்கிறது. துருசு, அணைக்கட்டு, பாலம் ஆகியவற்றிலும் வைக்கவேண்டாம். சனசமூக நிலையத்தின் அல்லது ஒரு கடையின் சுவரோரம், உரியவரின் அனுமதியோடு, மிகவும் ஏற்றது; கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். வேறு பெட்டி இருந்தால் அதிலிருந்து 161 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும்.

வெளியிடுவதற்கு முன், ஊருக்குப் புதிய ஒருவரிடம் புதிரைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பின்னால் நடந்து பாருங்கள். அவர் தயங்கி நின்ற இடங்களில் கேள்வியைத் திருத்துங்கள். மாரிகால நெற்செய்கையான காலபோகத்தின் மழையில் வாய்க்கால் வரம்பு சேறாகிவிடும் என்பதால், மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் அந்த வழியை நடந்து பார்த்த பிறகே பெட்டியை வையுங்கள்.